தனியாக ஓயிஜா பலகையில் உட்காரும் பழக்கம்: என்ன நடக்கிறது, எப்படி நிறுத்துவது

கேள்வியின் சாரம் இது. கல்லூரி விடுதியில் நாலைந்து தோழிகளோடு விளையாட்டாக, ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் ஓயிஜா பலகையை ஆரம்பித்த தங்கை, மற்றவர்கள் விட்ட பிறகும் விடவில்லை. சார்ட் அட்டையில் வட்டமாக ஆங்கில எழுத்துகள், ஓரத்தில் "குட்பை", நடுவில் ஒரு நாணயம், இவ்வளவுதான் பலகை. நாணயத்தில் விரல் வைத்துக் கேள்வி கேட்டால், ஆவி அதை எழுத்து எழுத்தாக நகர்த்திப் பதில் சொல்லும் என்பது நம்பிக்கை. இப்போது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருகிறாள். யாரோடு பேசலாம், பரீட்சைக்குப் போகலாமா என்பதையெல்லாம் "அவங்க"தான் முடிவு செய்கிறார்கள். விடச் சொன்னால், முறையாக அனுப்பாமல் விட்டால் அது கூடவே தங்கிவிடும் என்று பயப்படுகிறாள். அண்ணன் கேட்பது மூன்று: வருவது ஆவிதானா, இதனால் மனநிலை கெடுமா, எப்படி நிறுத்த வைப்பது?

நாணயத்தை நகர்த்துவது உங்கள் தங்கையின் விரல்தான். ஆனால் அவள் நடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. தான் நகர்த்துவது அவளுக்கே தெரியவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "சும்மா நடிக்கிறே" என்று நீங்கள் ஆரம்பித்தால், தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை நீங்கள் மறுப்பதாக அவள் எடுத்துக்கொள்வாள். பேச்சு அங்கேயே முறியும். அதனால் நகர்வு எப்படி நடக்கிறது என்பதை முதலில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு அசைவை மனதில் எதிர்பார்த்தாலே, அதற்குரிய தசை மிகச் சிறிதாக இயங்கத் தொடங்கும். விருப்பம் தேவையில்லை, எதிர்பார்ப்பு போதும். இங்கிலாந்தின் உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் 1852இல் இதை விளக்கி 'ஐடியோமோட்டார்' என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே இயற்பியலாளர் மைக்கேல் ஃபாரடே இதைச் சோதனையில் காட்டினார். அப்போது லண்டன் வீடுகளில் பலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைக்க, மேசை தானாகச் சுழலும் பழக்கம் பரவியிருந்தது. ஃபாரடே கைக்கும் மேசைக்கும் நடுவில் வழுவழுப்பான அட்டைகளை அடுக்கினார். அட்டைகளுக்கு இடையே இளகிய மெழுகு உருண்டைகளை வைத்தார். அடுக்கின் அடிப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, எந்த அட்டை எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டார். மேசை முதலில் நகர்ந்து கையை இழுத்திருந்தால் கீழ் அட்டைதான் அதிகம் முன்னேறியிருக்க வேண்டும். பிரித்துப் பார்த்தபோது மேல் அட்டைதான் அதிகம் தள்ளியிருந்தது. அதாவது கை முன்னே போயிருக்கிறது, மேசை பின்னால் வந்திருக்கிறது. பிறகு கை பக்கவாட்டில் சிறிது தள்ளினாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு நீண்ட வைக்கோல் முள்ளை அவர் பொருத்தினார். உட்கார்ந்தவர்கள் கண்ணுக்கு அந்த முள் தெரிந்த கணத்திலிருந்து மேசை சுழலவே இல்லை. அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல என்பதையும் ஃபாரடே தன் கட்டுரையில் அழுத்திச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையின் முக்கியமான வரி அதுதான்.

குழுவாக உட்காரும்போது "நான் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நீதான் தள்ளுகிறாய்" என்று எல்லோரும் சத்தியம் செய்வதற்கும் காரணம் உண்டு. 2003இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பேர் மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வேண்டும். தனக்கு வந்த அழுத்தம் எவ்வளவோ அதே அளவு மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருவரும் நேர்மையாகத்தான் செய்தார்கள், ஆனாலும் சுற்றுக்குச் சுற்று அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நாமே கொடுக்கும் விசையை மூளை முன்கூட்டிக் கணித்துக் குறைத்துக் காட்டுகிறது. பிறர் கொடுக்கும் விசை அப்படியே முழுதாகத் தெரிகிறது. நாணயத்தின் மேல் நான்கு விரல் இருந்தால் நான்கு பேருக்குமே தன் பங்கு குறைவாகவும் மற்றதெல்லாம் வெளியிலிருந்து வருவதாகவும் தோன்றும்.

உராய்வும் சேர்ந்துகொள்கிறது. நின்றிருக்கும் பொருளைக் கிளப்பத் தேவையான விசை, அதை ஓட வைத்திருக்கத் தேவையானதை விட அதிகம். விரல் மெதுவாக அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டே வரும், ஒன்றும் நகராது. எல்லை தாண்டியதும் நாணயம் விருட்டென்று ஓடும். யாரோ இழுத்தது போன்ற அந்த உணர்வு இதிலிருந்துதான் வருகிறது. கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் விளிம்பு மட்டும் தொடுவதால் இன்னும் லேசாக வழுக்கும். முழங்கை மேசையில் படாமல் பத்து நிமிடம் கையை நீட்டி வைத்திருந்தால் தோள் களைத்து, நடுக்கமும் வரும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காமல் பிறகு "வந்துவிட்டது" என்பார்கள். அதற்குள் கை நன்றாகக் களைத்திருக்கும்.

சரி, நகர்கிறது. ஆனால் அர்த்தமுள்ள சொல் எப்படி வருகிறது? டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஆண்டர்சன் குழு, அமெரிக்காவின் பால்டிமோரில் ஓயிஜா ஆர்வலர்கள் கூடிய மாநாட்டுக்கே போய் 40 பேருக்குக் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை மாட்டியது. முடிவு 2018இல் வெளியானது. வேண்டுமென்றே ஒரு சொல்லைக் காட்டச் சொன்னபோது, கட்டை (கடைப் பலகையில் நாணயத்துக்குப் பதிலாக விரல் வைத்து நகர்த்துவது) போய்ச் சேருவதற்கு முன்பே கண் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டது. உண்மையான அமர்வில் தனித்தனி ஆளாகப் பார்த்தால் அப்படிப் பெரும்பாலும் போகவில்லை. அதனால்தான் "எனக்குத் தெரியாது" என்று அவர்களால் உண்மையாகவே சொல்ல முடிகிறது. ஆனால் ஜோடியாகச் சேர்த்துப் பார்த்தபோது, இருவரில் ஒருவர் கண்ணாவது அடுத்த எழுத்தில் முன்கூட்டியே நின்றது. முதல் ஓரிரு எழுத்து கிட்டத்தட்ட தற்செயல். அதன் பிறகு சொல் என்னவாக இருக்கும் என்று மனம் ஊகிக்கிறது, ஊகத்தின் பின்னால் கை போகிறது.

கடையில் விற்கும் பலகையின் அமைப்பும் சில "பெயர்களை" உருவாக்கித் தருகிறது. அதில் எழுத்துகள் இரண்டு வில் வரிசையாக இருக்கும். மேல் வரிசையின் ஒரு நுனியில் 'ஏ', மறு நுனியில் 'எம்'. கட்டை இடமும் வலமும் ஊசலாடினாலே 'மாமா' என்று வரும். கீழ் வரிசையில் 'ஓ' இடப்பக்கம் இரண்டாவது, 'இஸட்' வலக் கடைசி. அதே ஊசலாட்டம் அங்கே 'ஸோஸோ' ஆகும். இந்தப் பெயரில் ஒரு கெட்ட ஆவி இருப்பதாக இணையத்தில் கதை பரவிய பிறகு, அதைப் படித்த பலரின் பலகைகளில் அந்தப் பெயர் வர ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் 247 எழுத்து என்பதால் பெரும்பாலும் யாரும் தமிழ்ப் பலகை செய்வதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லைக் கூட்டுகிறார்கள். ஒரே ஐந்து எழுத்தைப் பலம் என்றும் பாலம் என்றும் பழம் என்றும் படிக்கலாம். எது தனக்குப் பொருந்துகிறதோ அதைப் படிப்பவர் எடுத்துக்கொள்கிறார்.

"ஆனால் யாருக்குமே தெரியாத ஒன்றைச் சொன்னதே" என்பாள். அதற்கும் பதில் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டியதும் எதிரில் இருந்தவர் ஓசையில்லாமல் கையை எடுத்துவிடுவார். சோதனைக்கு உட்பட்டவர் தனியாகவே நகர்த்துகிறார், ஆனால் இன்னொருவரும் நகர்த்துவதாக நம்புகிறார். ஆம்-இல்லை கேள்விகளில் "எனக்குத் தெரியாது, சும்மா ஊகிக்கிறேன்" என்று அவர்கள் சொன்னவற்றுக்கு, வாயால் சொன்ன பதிலில் பாதிதான் சரி. பலகையில் 65 சதவீதம் சரி. எப்போதோ கேட்டு மறந்தது, அரைகுறையாகத் தெரிந்தது எல்லாம் விரல் வழியாக வரும் என்று இதற்குப் பொருள். ஒரு தோழியின் பாட்டி பெயர் சரியாக வந்தாலும் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அது எப்போதோ ஒருமுறை காதில் விழுந்திருக்கும்.

இந்த ஆய்வை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. மனதின் அடியில் கிடக்கும் அறிவு விரல் வழியாக வருமென்றால், மனதின் அடியில் கிடக்கும் பயமும் அதே வழியாக வரும். தன்னை யாருக்கும் பிடிக்காது என்று பயப்படும் பெண்ணுக்குப் பலகை "அவளை நம்பாதே" என்று சொல்லும். தோற்றுவிடுவோம் என்று பயப்படுபவளுக்குப் "பரீட்சைக்குப் போகாதே" என்று வரும். அதே பயம் மனதில் தோன்றினால் நாம் அதோடு வாதாடுவோம், தள்ளி வைப்போம். வெளியிலிருந்து ஒருவர் சொன்னதாக வரும்போது வாதாட இடமில்லை. இதில் உள்ள ஆபத்து முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

1933இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 15 வயதுப் பெண் தன் தந்தையைத் துப்பாக்கியால் சுட்டாள். பலகை அப்படிச் சொன்னது, தாய் அதைச் செய்யச் சொன்னாள் என்பது அவள் வாக்குமூலம். அதே பலகையில் தாயும் கை வைத்திருந்தவள். ஒருவரின் ஆசை, இன்னொருவருக்குக் கேள்வி கேட்க முடியாத கட்டளையாக மாறிய கதை அது. 1994இல் இங்கிலாந்தில் ஒரு இரட்டைக் கொலை வழக்கின் ஜூரிகளில் நான்கு பேர் ஓட்டலில் தங்கியிருந்த இரவில் கண்ணாடிக் குவளையையும் காகித எழுத்துகளையும் வைத்து, கொல்லப்பட்டவரிடமே யார் கொன்றது என்று "கேட்டார்கள்". விஷயம் வெளியே வந்ததும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. இரண்டாவது ஜூரியும் அதே ஆளைக் குற்றவாளி என்றே சொன்னது. முதல் ஜூரியின் மனதில் ஏற்கெனவே இருந்த பதில்தான் குவளையிலும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இவை அரிய நிகழ்வுகள், உங்கள் தங்கைக்கு இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் பலகையின் சொல்லுக்கு ஏன் அவ்வளவு எடை கிடைக்கிறது என்பது இவற்றில் தெளிவாகத் தெரியும்.

அவளைப் பிடித்து வைத்திருக்கும் விதி, அதாவது "குட்பை" சொல்லாமல் எழுந்தால் கூடவே தங்கிவிடும் என்பது, எங்கிருந்து வந்தது என்றும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பலகையை 1890இல் விற்க ஆரம்பித்தது பால்டிமோரில் இருந்த கென்னார்ட் நாவல்டி என்ற பொம்மை கம்பெனி. எலைஜா பாண்ட் என்ற வழக்கறிஞர் பெயரில் 1891 பிப்ரவரி 10 அன்று காப்புரிமை கிடைத்தது. அதில் வகை "பொம்மை அல்லது விளையாட்டு". பின்னாளில் உரிமை பார்க்கர் பிரதர்ஸுக்கும், அங்கிருந்து ஹாஸ்ப்ரோவுக்கும் போனது. இரண்டுமே குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான் விற்கும் கம்பெனிகள். ஜப்பானில் இதன் உறவுமுறை விளையாட்டு ஒன்று உண்டு, கொக்குரி-சான் என்று பெயர். காகிதத்தில் எழுத்துகள், அதன் மேல் 10 யென் நாணயம். 1970களில் பள்ளிப் பிள்ளைகளிடையே அது பெரிதாகப் பரவியது. அங்கே விதி வேறு: வந்தது திரும்பிப் போகச் சம்மதிக்கும் வரை விரலை எடுக்கக்கூடாது, முடிந்ததும் நாணயத்தைச் சீக்கிரம் செலவழித்துவிட வேண்டும். ஊருக்கு ஊர் விதி வேறுபடுகிறது, ஆனால் எல்லா விதியும் எழுந்து போவதைத்தான் கடினமாக்குகிறது. பயந்துபோய் எழுந்த பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் வராது. தூக்கம் வராததால் ஏதோ கேட்கும், ஏதோ தெரியும். "பார், அனுப்பாமல் விட்டதால்தான்" என்று விதி இன்னும் உறுதியாகிவிடும்.

அடுத்தது தனியாக உட்காருவது. குழுவில் இருக்கும்போது ஒருவருக்குச் சலிக்கும், ஒருவர் சிரிப்பார், விளக்கைப் போடுவார். தனியாக இருக்கும்போது நிறுத்த ஆள் இல்லை. மேலும், பழகப் பழக இந்த அசைவு எளிதாகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பேர்ல் கர்ரன் என்ற பெண்ணுக்கு 1913இல் பலகையில் எழுத்து எழுத்தாக ஒரு பழங்கால ஆங்கிலப் பெண் "பேச" ஆரம்பித்தாள். சில வருடத்தில் பலகையே தேவைப்படவில்லை, சொற்கள் நேராக வாயில் வந்தன. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ராபர்ட்ஸ் 1963 கடைசியில் கணவரோடு பலகையில் உட்கார ஆரம்பித்தார். சில வாரங்களிலேயே கட்டை நகர்வதற்கு முன் சொற்கள் மனதில் கேட்டன. இவர்கள் இருவரும் குடும்பத்தோடு, வேலையோடு வாழ்ந்தவர்கள், மனநோயாளிகள் என்று யாரும் முடிவு கட்டவில்லை. ஆனால் நாணயம், பிறகு பேனா, பிறகு மனதுக்குள் குரல் என்ற இந்த வரிசை பயிற்சியால் வருவது. ஏற்கெனவே மனம் கலங்கியிருக்கும் 19 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பயிற்சி வேண்டாம்.

கேட்கிறாள், பதில் வருகிறது, பத்து நிமிடம் நிம்மதி. பிறகு "சரியாகத்தான் கேட்டோமா?" என்று சந்தேகம், திரும்பக் கேட்கிறாள். சில நேரம் பதில் பொருந்துகிறது, பல நேரம் பொருந்துவதில்லை. எப்போது பொருந்தும் என்று தெரியாமல் இருப்பதுதான் கையை மறுபடி மறுபடி இழுக்கிறது, லாட்டரி சீட்டு வாங்குபவரை இழுப்பது போல. கதவு பூட்டினோமா என்று இருபது தடவை போய்ப் பார்க்கும் எண்ணச்சுழல் நோயிலும் (ஓ.சி.டி.) இதே சுற்றுதான்: சந்தேகம், சரிபார்ப்பு, சிறிது நிம்மதி, மேலும் பெரிய சந்தேகம். சரிபார்க்கச் சரிபார்க்க நோய் வளரும். அதனால் "கடைசியாக ஒரே ஒரு கேள்வி" என்று அனுமதிப்பது இரக்கம் போலத் தெரிந்தாலும் அவளுக்கு அது கெடுதல்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பலகை ஒரு நல்ல மனநிலையில் உள்ளவருக்கு மனநோயை உண்டாக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மனச்சிதைவு போன்ற நோய்கள் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தொடங்குகின்றன. அந்தத் தொடக்கக் காலத்தில், எல்லாவற்றிலும் தனக்கொரு செய்தி இருப்பதாகத் தோன்றும்போது, பலகை ஆளைத் தன் பக்கம் இழுக்கிறது. பலகை நோயைக் கொண்டுவந்ததா, நோய் ஆளைப் பலகைக்குக் கொண்டுவந்ததா என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முடியாது, தேவையும் இல்லை. தூக்கக் குறைவு இரண்டையும் மோசமாக்கும் என்பது நிச்சயம். நெருங்கியவரை இழந்த துக்கத்தில் இருப்பவர், கஞ்சா எடுப்பவர், குடும்பத்தில் மனநோய் இருப்பவர், ஏற்கெனவே எண்ணச்சுழல் உள்ளவர் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

நடு இரவில் உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருந்தது என்று அவள் சொன்னால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். நம் ஊரில் 'அமுக்குவான்' என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடம்புத் தசைகள் தளர்த்தி வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தளர்வு விலகுவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், கை கால் வராது, கனவின் உருவம் அறையிலேயே தெரியும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அடிக்கடி வரும். ஒருக்களித்துப் படுப்பதும் நேரத்துக்குத் தூங்குவதும் பெரும்பாலும் போதும்.

இப்போது செய்ய வேண்டியது. முதல் பேச்சைப் பகலில், சாப்பிட்ட பிறகு, அம்மா அப்பா கூட்டமாக இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "அது உண்மையா பொய்யா" என்ற வாதத்தை எடுக்காதீர்கள். "எத்தனை மணி வரைக்கும் முழிச்சிருக்கே? உட்கார்ந்து எழுந்ததும் மனசு எப்படி இருக்கு? அது ஏதாவது செய்யச் சொல்லுதா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும், நேராகவே கேட்கலாம். சாகச் சொல்கிறதா, யாரையாவது காயப்படுத்தச் சொல்கிறதா என்று கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது.

நீங்கள் அந்த அட்டையில் கை வைக்கவே வேண்டாம். ஆவியைச் சோதிக்கிறேன், விரட்டுகிறேன், அதனிடமே "என் தங்கையை விடு" என்று கேட்கிறேன் என்பதெல்லாம் அங்கே ஒரு ஆள் இருப்பதை நீங்களும் ஒப்புக்கொண்டதாகும். அட்டையை அவள் கண்முன் எரிப்பது, கற்பூரம் கொளுத்தி உடைப்பது ஆகியவையும் அதே தப்பு. சடங்கு பெரிதாக ஆக, எதிரில் இருப்பதும் பெரிதாகும். முறையாக முடிக்காமல் விட முடியவே முடியாது என்று அவள் நடுங்கினால், பகல் வெளிச்சத்தில், ஜன்னல் திறந்து, ஒரே ஒரு முறை நாணயத்தை அவளே "குட்பை"க்கு நகர்த்தி வைக்கட்டும். கேள்வி கிடையாது, பதிலுக்குக் காத்திருப்பது கிடையாது. அரை நிமிடத்தில் அட்டையை மடித்துப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள், நாணயம் கடைக்குப் போகட்டும். மறுநாள் "சரியாக முடியவில்லை போல" என்று அவள் சொன்னால் திரும்பச் செய்ய விடாதீர்கள். இந்த ஒரு முறையைக் கூட அனுமதிக்கக் கூடாது என்று சொல்லும் சிகிச்சையாளர்கள் இருப்பார்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது பிடுங்கி எறிந்தால் அவள் ஒளித்துச் செய்வாள் என்பதால் எனக்கு இந்த வழி மேல்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு முதல் வேலை தூக்கம். மாலை நான்கு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். அறையில் அவளோடு யாராவது படுங்கள். பத்தரைக்கு விளக்கை அணைத்து, காலையில் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும், ஏனென்றால் அட்டை போனாலும் இதே வேலைக்குச் செயலிகளும் பேய்க் காணொளிகளும் இருக்கின்றன. கேட்கத் துடிக்கும் நேரம் வரும். அப்போது கேள்வியை நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு கால் மணி நேரம் வேறு வேலை செய்யட்டும். துடிப்பு ஏறி, நின்று, இறங்கும். மூன்றாம் நாள் கால் மணியை அரை மணியாக்குங்கள். "என்ன நடக்கும்?" என்று அவள் உங்களிடம் கேட்டால் நீங்கள் பதில் சொல்லி நிம்மதி தராதீர்கள், இல்லையென்றால் பலகையின் இடத்தில் நீங்கள் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். "தெரியாது. தெரியாமலேயே நாளைக்குப் போவோம்" என்பது போதும்.

பலகை சொன்னதையெல்லாம் எழுதி வைக்கும் நோட்டு பலரிடம் இருக்கும். அவள் கொஞ்சம் தெளிந்த பிறகு, சம்மதித்தால் மட்டும், அதில் சரிபார்க்கக் கூடியவற்றை மட்டும் எடுங்கள்: தேதி, மதிப்பெண், யார் எப்போது வருவார் என்பன. ஒவ்வொன்றுக்கும் நடந்ததா இல்லையா என்று பக்கத்தில் எழுதட்டும். "ஒருவகையில் நடந்தது" என்று மூன்றாவது கட்டம் வைக்காதீர்கள், எல்லாம் அதற்குள் போய்விடும். மனம் பொருந்தியதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது என்பது இதில் அவளுக்கே தெரியும்.

விடுதித் தோழிகள் இன்னும் நம்பினால் அவர்களுக்கு ஒரு சோதனை சொல்லலாம், தங்கைக்கு வேண்டாம். எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் அட்டையைக் கால் சுற்று திருப்பி வையுங்கள், வெளியாள் ஒருவர் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளட்டும். ஆவிக்குக் கண் கட்டப்படவில்லை, ஆகவே அதற்கு இது தடையாக இருக்கக்கூடாது. நாணயம் வழக்கம்போலத் துறுதுறுவென்று ஓடும், ஆனால் பழைய அட்டையில் எழுத்து இருந்த இடத்துக்கே போகும், வருவது வெறும் எழுத்துக் குவியல். இதே தத்துவத்தில் ஒரு பெரிய தவறு பிடிபட்டது. 1990களில் அமெரிக்காவில் பேச முடியாத ஆட்டிசம் குழந்தைகளின் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்ய உதவும் முறை பரவியது. குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறு படமும் காட்டியபோது, தட்டச்சில் வந்தது உதவியாளர் பார்த்த படம். அந்த உதவியாளர்கள் நல்ல மனதோடு செய்தவர்கள், பலர் உடைந்துபோனார்கள். சோதனையைத் தங்கைக்கு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், உண்மையிலேயே நோய் தொடங்கியிருந்தால் சான்று எதையும் மாற்றாது. "அதற்குச் சோதிப்பது பிடிக்கவில்லை" என்று ஒரு விளக்கம் உடனே வரும். இன்னொரு அமர்வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மருத்துவரிடம் எப்போது போவது? பலகை இல்லாத நேரத்திலும் குரல் கேட்கிறது, தன் எண்ணம் பிறருக்குத் தெரிகிறது என்கிறாள், வீட்டார் மீதே சந்தேகம், குளிப்பது சாப்பிடுவது விட்டுப்போகிறது, இரண்டு இரவு தொடர்ந்து கிட்டத்தட்டத் தூங்கவே இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே. சாகவோ யாரையாவது தாக்கவோ கட்டளை வருகிறதென்றால் அன்றே, தனியாக விடாமல், அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108. இவை எதுவும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று வாரமாக முயன்றும் விட முடியவில்லை என்றாலும் போகத்தான் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். இலங்கையில் இருந்தால் மனநல உதவிக்கு 1926.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, எப்போதிலிருந்து தனியாக, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், தூக்கம் எவ்வளவு, சமீபத்தில் இழப்பு ஏதும் உண்டா, கஞ்சா போன்ற பழக்கம், வலிப்பு, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசக் கேட்டால் வெளியே உட்காருங்கள். எண்ணச்சுழல் என்று தெரிந்தால் மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சொல்வார்கள். அந்த மாத்திரைகள் வேலை செய்ய ஆறு வாரம், சில சமயம் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப் போக வேண்டும் என்றால் தடுக்க வேண்டாம். போய் வந்தால் அவளுக்கு மனம் லேசாகலாம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ததும், வழிபாடும் மருந்தும் ஒன்றையொன்று தடுக்கத் தேவையில்லை என்பதால்தான். ஆனால் "உள்ளே ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லி அடிக்கும், பட்டினி போடும், கட்டி வைக்கும் ஆளிடம் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 

கல்லூரி திறந்ததும் அதே அறைக்கு அனுப்புவதற்கு முன் அறைத் தோழியிடம் பேசுங்கள், முடிந்தால் வார்டனிடமும். முழுக் கதையும் சொல்ல வேண்டாம்: "அவளுக்குத் தூக்கம் கெட்டிருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் லைட் எரிஞ்சா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க" என்பது போதும். முதல் மாதம் வார இறுதியில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நடுவில் ஒரு நாள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தால் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை மறைப்பாள். அன்று இரவு எவ்வளவு தூங்கினாள், அது ஏதாவது செய்யச் சொன்னதா என்ற இரண்டையும் மட்டும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" என்றால் அடுத்த வார இறுதி வரை காத்திருக்காமல் நேரில் போய் அழைத்து வாருங்கள்.